ஜப்பான் கடதாசித் தோரணம்

அச்சுவேலியில் ஓர் உயிர் போனால் ஐயருக்குச் செய்தி போக முன்னமே தில்லைநாதனுக்குப் போய்விடும். கலியாணம் என்றாலும் அப்படித்தான். மனிதர் தோட்டக்காரர். வெங்காயம் நடுவார், புகையிலைக்கு இறைப்பார், ஊர்ச் சண்டைக்குப் போகமாட்டார், வீட்டுச் சண்டைக்கும் வரமாட்டார். ஆனால் குருத்தோலையைக் கையில் கொடுத்துவிட்டால் போதும். கண் எங்கேயோ இருக்கும், வாய் பக்கத்தில் இருப்பவனோடு மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும், விரல்கள் தங்கள்பாட்டில் தோரணம் மடித்துக்கொண்டிருக்கும். சந்திக் கடையில் "தோரணத்தார் வீடு எது?" என்று கேட்டால் பால் குடிக்கிற பிள்ளையும் கையை நீட்டிக் காட்டும்.

தோரணம் என்றால் ஏதோ சோடனை என்று நினைக்கிற ஆட்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. குருத்தோலையைக் கீறி, மடித்து மடித்து, குருவி மாதிரித் தலை எடுத்துவிடுவார்கள். நல்ல காரியத்துக்கு நாலு குருவி, தலை மேலே பார்க்கும். செத்த வீட்டுக்கு மூன்று குருவி, தலை கீழே தொங்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அதை மாற்றிக் கட்டினால் எங்கள் சனம் சிரிக்காது, பயந்துவிடும்.

அவருடைய மனைவி தயாளினி போன வைகாசியில் செத்துப்போனாள். நோய் நொடி ஒன்றும் இல்லை. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றவள், "இஞ்சாருங்கோ, நெஞ்சுக்கை என்னவோ செய்யுது" என்று சொல்லிக்கொண்டு வந்து விறாந்தையில் இருந்தாள். தில்லைநாதன் ஓட்டோ பிடிக்க ஒழுங்கையால் ஓடினார். ஓட்டோவோடு திரும்பி வந்தபோது அயல் பெண்டுகள் அவளைச் சுற்றி நின்று குழறிக்கொண்டிருந்தார்கள். அவர் முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

அடுத்த நாள் காலை நடந்ததை ஊர் இப்போதும் வெட்கத்தோடுதான் சொல்லும். பக்கத்து வளவுப் பிரகலாதன், எந்தச் சாவு விழுந்தாலும் தன் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் குருத்தோலை ஏற்றிக்கொண்டு வந்து தில்லைநாதன் முன்னால் போடுகிறவன், அன்றைக்கும் ஏற்றிக்கொண்டு வந்து போட்டான். பழக்கதோஷம், வேறென்ன?

"அண்ணை, ஒழுங்கை முழுக்கக் கட்டக் காணும் எண்டு நினைக்கிறன்," என்றான்.

"ஓம், காணும்," என்றார் தில்லைநாதன். கத்தியை வாங்கிக்கொண்டு, முற்றத்தில் சாக்கை விரித்து இருந்துவிட்டார்.

அட, ஒருத்தருக்காவது உறைத்திருக்கக் கூடாதா? செத்தது இந்த மனிதனின் பெண்சாதி, இவரைக் கொண்டே செய்விக்கிறோமே என்று ஒரு மண்டைக்காவது எட்டியிருக்கக் கூடாதா? இல்லை. செத்த வீட்டில் தில்லைநாதன் தோரணம் கட்டாவிட்டால்தான் சனம் திரும்பிப் பார்க்கும். சுடலைக்குப் போய் வந்து குளித்த பிறகுதான் பிரகலாதனுக்கு அது விளங்கியது. "கோதாரி, என்ன வேலை பாத்தனாங்கள்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அழுதான். தில்லைநாதன்தான் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கச் சொன்னார்.

அவர் அழவில்லை. கொள்ளி வைத்தது தயாளினியின் தமக்கை மகன். வாய்க்கரிசி போட வரச் சொன்னபோது எழும்பிப் போனார், அரிசியைப் போட்டார், அப்போதும் கண் பந்தல் காலில்தான் இருந்தது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து மடித்தார். பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நமக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்குமே, அப்படி முழு உடம்பும் இருந்தது. நோகவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

இதையெல்லாம் இன்னொருத்தியும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள் தர்சிகா பாரிஸில் இருக்கிறாள். அங்கே அவளுடைய வதிவிட அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே வர இயலாது. தாயின் தலைமாட்டில் போனைக் கட்டி லைவ் விட்டிருந்தார்கள். அந்தச் சின்னத் திரையில் தாய் கிடக்கிறாள். யன்னலுக்கு வெளியே, முற்றத்தில், தகப்பன் குனிந்த தலை நிமிராமல் ஓலை மடிக்கிறார். மணித்தியாலக்கணக்கில் அதுதான் படம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு ஒருநாள் போனில் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் ஏன் அம்மாவுக்குப் பக்கத்திலை வந்து இருக்கேல்லை?"

"தோரணம் கட்ட வேண்டி இருந்ததல்லே பிள்ளை," என்றார் தில்லைநாதன்.

அவர் உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் உள்ளதைச் சொல்வதற்கும் ஒரு நேரம் காலம் இருக்கிறது. அன்றோடு மகள் அவருடன் மனம்விட்டுக் கதைப்பது நின்றுவிட்டது. போன் எடுப்பாள். "சாப்பிட்டீங்களோ? பிறஷர் குளிசை போட்டீங்களோ?" என்று ஆசுபத்திரித் தாதி கேட்கிற மாதிரிக் கேட்பாள். வைத்துவிடுவாள். தில்லைநாதனுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு பிள்ளைதான், அதுவும் அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது. இதற்காவது மனம் நோக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

தர்சிகாவின் கலியாணம் தாய் இருக்கும்போதே பேசி ஆவணியில் நாள் வைத்தது. மாப்பிள்ளை ஜெயரூபன், நெல்லியடியாரின் பிள்ளை, அவனும் பாரிஸில்தான். "வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியட்டும்" என்று மாப்பிள்ளையின் தாய் கேதீஸ்வரி ஒற்றைக் காலில் நின்றாள். ஆனால் மண்டபம் எடுத்தாகிவிட்டது, தகப்பனுக்கு விசாவும் வந்துவிட்டது, அந்த விசாவை இன்னொருமுறை எடுப்பது யானையைக் கிணற்றிலிருந்து தூக்குகிற வேலை. ஐயரும் முப்பத்தொன்று கழிந்தால் செய்யலாம் என்றார். இப்படியாகத் தில்லைநாதன் வாழ்க்கையில் முதல்தரம் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பிளேன் ஏறினார்.

போய் இறங்கியது தயாளினியின் தம்பி சீவரத்தினத்தின் வீட்டில். தர்சிகாவும் அங்கேதான் இருக்கிறாள். பெண்சாதியை இழந்தவர் மகளைத் தாரை வார்க்க இயலாது, சோடியாக இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். ஆகவே சீவரத்தினமும் மனைவியும் மணவறையில் இருப்பார்கள். தில்லைநாதன் சனத்தோடு சனமாகக் கதிரையில் இருக்க வேண்டியதுதான். அதை எப்படிச் சொல்வது என்று சீவரத்தினம் விழுங்கி விழுங்கிக் கதைத்தான்.

"அத்தான், குறை நினைக்கப்படாது..."

"இதிலை என்ன குறை? முறை அதுதானே," என்றார் தில்லைநாதன்.

தர்சிகா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். "பயணம் சுகமோ?" என்று கேட்டிருந்தாள். அவளுடைய முகம் தாயின் முகம் மாதிரியே ஆகிவிட்டது என்று சீவரத்தினத்தின் மனைவி சொன்னாள். தில்லைநாதன் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு "ஓம், ஓம்" என்றார்.

ஜெயரூபன் நல்ல பெடியன். ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் சமையல். சமைக்காத மீனுக்கு என்ன சமையற்காரன் என்று கேதீஸ்வரியே பகிடி விடுவாள். கடையின் பேர் ஜப்பான், முதலாளி சீனாக்காரர், சோறு உருட்டுகிறது நெல்லியடிக் கை. அவன்தான் தோரணக் கதையை எடுத்தான்.

"மாமா, இஞ்சை கலியாணத்துக்கு பிளாஸ்டிக் தோரணந்தான் தொங்க விடுறவை. பாக்கச் சகிக்காது. குருத்து பிளேனிலை வந்தா வாடிப் போயிடும். நீங்கள் கடதாசியிலை செய்து தருவியளோ? மடிக்கிறதுக்கெண்டே ஜப்பான் கடதாசி விக்கிற கடை ஒண்டு இருக்கு. எங்கடை முதலாளி அங்கைதான் வாங்கிறவர்."

அவன் கேட்டதில் கள்ளம் இல்லை. மனிதர் வேலை இல்லாமல் யன்னலடியில் இருக்கிறாரே, தன் மகளின் கலியாணத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று நினைத்தான். அடுப்படியில் நின்ற தர்சிகாவின் கையிலிருந்து கரண்டி தண்ணித் தொட்டிக்குள் விழுந்து சத்தம் கேட்டது.

"செய்யலாம் தம்பி," என்றார் தில்லைநாதன்.

நிலக்கீழ் ரயிலில் போனார்கள். கடை ஒரு சின்னத் தெருவில் இருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் வழுவழுத்த மரத் தரை, சந்தனம் மாதிரி ஒரு மணம், சுவர் முழுக்க லாச்சிகள், ஒரு சத்தமும் இல்லை. தில்லைநாதன் வாசலிலேயே நின்று குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"ஐயோ மாமா, இது கடை!" என்றான் ஜெயரூபன்.

"கடைதான். ஆனா இவ்வளவு துப்பரவா வைச்சிருக்கினமே," என்று சொல்லிவிட்டு காலில் போட்டிருந்த மேசோடு மட்டும் உள்ளே போனார். கடைக்கார அம்மா, கண்ணாடியைச் சங்கிலியில் கொழுவியிருந்த ஒரு ஜப்பான் கிழவி, அந்தச் சப்பாத்துகளைப் பார்த்தாள், பிறகு அவருக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னாள். இவரும் கையெடுத்துக் கும்பிட்டார்.

தயாளினிக்கு இந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். பிறகு, அவள் இல்லையே என்று நினைத்தார். இரண்டு நினைப்பும் ஒரே மாதிரித்தான் இருந்தன. ஒன்று சுட்டிருக்க வேண்டும், சுடவில்லை.

கிழவி முதலில் எடுத்து வைத்தது சின்னச் சதுரங்கள். கொக்குப் போட்டது, கடல் அலை போட்டது, பூப் போட்டது. வடிவுதான், கண் கூசுகிற வடிவு. ஜெயரூபன் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கையை அகல விரித்துக் காட்டினான். நீளம் வேண்டும். கிழவி ஏணி வைத்து ஏறிப் பெரிய தாள்களை இறக்கினாள். ஒன்றின் முதுகில் தங்க ரேக்கு ஒட்டியிருந்தது. தில்லைநாதன் கேட்காமலே ஒரு மூலையை மடித்து நகத்தால் இழுத்தார். மடிப்பில் ரேக்கு வெடித்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மற்றது துணி மாதிரிக் கசங்கியது, குருவிக்குத் தலை நிற்காது. இன்னொன்று தண்ணீரில் தோய்த்துக் காயவிட்ட மாதிரிச் சுருக்கம் சுருக்கமாக இருந்தது, மடிப்பும் சுருக்கமும் ஒன்றாகிவிடும்.

கிழவி சலிக்கவில்லை. மடித்துப் பார்த்த தாள்களுக்கு அவள் கோபிக்கப் போகிறாள் என்று ஜெயரூபன் பயந்துகொண்டு நின்றான். அவளோ தாள்களைப் பார்க்கவில்லை, தில்லைநாதனின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசைக்குக் கீழிருந்த லாச்சியை இழுத்து ஒரு சுருளை எடுத்து விரித்தாள்.

மெல்லிய கடதாசி. மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை, குருத்து விரிந்த அன்றைக்கு இருக்கிற நிறம். வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே நார் நாராக ஓடியது. மடித்தார், விரித்தார், திரும்ப அதே இடத்தில் மடித்தார். கிழியவில்லை, வெடிக்கவில்லை. ஓலையை மடிக்கும்போது வருகிற அந்தச் சின்னச் சத்தம்கூட வந்தது.

"இதுதான்," என்றார்.

கிழவி கத்தரிக்கோலால் ஒரு கீற்று வெட்டி அவரிடம் நீட்டினாள். செய்து காட்டச் சொல்கிறாள் என்று விளங்கியது. தில்லைநாதன் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மடித்தார். ஜெயரூபன் கிழவிக்குக் கலியாணத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான், அது முடிய முன்னமே தோரணம் முடிந்துவிட்டது. கிழவி அதை நுனியில் பிடித்துத் தூக்கினாள். ஒவ்வொரு குருவியாகத் தொட்டு எண்ணினாள். மூன்று. எல்லாம் தலையைக் கீழே போட்டுக்கொண்டு மேசையைப் பார்த்தன.

"மூண்டு குருவி! என்ன வடிவு மாமா!" என்றான் ஜெயரூபன். அவன் ஊரைவிட்டு வந்தது அரும்பு மீசையோடு. தோரணம் என்று ஒன்று இருக்கிறது என்பதுதான் அவனுக்குத் தெரியும், எத்தனை தலை, எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவன் எங்கே கண்டான்?

தில்லைநாதனும் பார்த்தார். கடதாசி நல்லதா என்று பார்த்தார். நல்லதுதான்.

கலியாணத்துக்கு என்று கேட்டதும் கிழவிக்குச் சந்தோஷம். சுருள்களைப் பொதி செய்து சிவப்பும் வெள்ளையுமான கயிற்றால் முடிச்சுப் போட்டுத் தந்தாள். அது அவர்களுடைய ஊரில் நல்ல காரியத்துக்குப் போடுகிற முடிச்சாம். வெளியே வந்ததும் ஜெயரூபன் கேட்டான்.

"சந்தோசமோ மாமா?"

தில்லைநாதன் யோசித்தார். இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்து, "ஓம் தம்பி, நல்ல சந்தோசம்," என்றார். ரயிலில் பொதியை மடியில் வைத்துக்கொண்டு எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடி வந்தார். அதில் தெரிந்த கிழவனைத் தனக்குத் தெரியும் என்று பட்டது.

பிறகு கலியாணம் வருமட்டும் அதுதான் வேலை. காலையில் யன்னலடியில் இருப்பார், கடதாசியைக் கீற்றுக் கீற்றாக வெட்டுவார், மடிப்பார், செய்ததைப் பக்கத்தில் இருந்த பெரிய மட்டைப் பெட்டிக்குள் போடுவார். சீவரத்தினம் இரவு வேலை முடிந்து வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "மெசின் மாதிரியெல்லே அத்தான்!" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவான். மற்றப் பெண்டுகளுக்குச் சேலை, பூ, பலகாரம் என்று ஆயிரம் வேலை. ஒருத்தரும் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

தர்சிகா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அந்தக் குனிந்த தலையையும் அசைகிற விரல்களையும் அவள் ஒருமுறை திரையில் பார்த்தது போதும் என்றிருந்தாள். ஒருநாள் மட்டும் வேலைக்கு வெளிக்கிட்டவள் கதவடியில் நின்று, "கை நோகேல்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை."

"உங்களுக்கு எதுதான் நோகும்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

தில்லைநாதன் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். எது நோகும் என்று நினைத்துப் பார்த்தார். முழங்கால் கொஞ்சம் நோகும், மாரியில். வேறு ஒன்றும் நினைவில் வரவில்லை. அடுத்த கீற்றை எடுத்தார்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் எல்லோரும் மண்டபத்தில் நின்றார்கள். மணவறைக்காரர் தூண்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள், பெடியள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தர்சிகா ஒரு மூலையில் இரண்டு கையையும் நீட்டி மருதோன்றி போடுவித்துக்கொண்டிருந்தாள். சீவரத்தினம் பெட்டியைத் தூக்கி வந்து நடுவில் வைத்தான். கேதீஸ்வரி ஆசையோடு வந்து மூடியைத் திறந்தாள்.

ஒரு தோரணத்தைத் தூக்கினாள். இன்னொன்றைத் தூக்கினாள். பெட்டிக்குள் கையை விட்டு அடியில் கிடந்ததை இழுத்தாள்.

"ஐயோ! ஆர் உதைச் செய்தது?"

கதிரை அடுக்கிய பெடியள் கையில் கதிரையோடு நின்றுவிட்டார்கள்.

"தலை கீழை! மூண்டு! எல்லாம் மூண்டு! என்ரை பிள்ளையின்ரை கலியாண மண்டபத்துக்குச் செத்தவீட்டுத் தோரணமோ?"

"அக்கா, சத்தம் போடாதேங்கோ, மனுசன் தெரியாமல்..." என்று சீவரத்தினம் இழுத்தான்.

"தெரியாமலோ? அச்சுவேலித் தோரணத்தாருக்குத் தெரியாட்டி வேறை ஆருக்குத் தெரியும்? ஆட்டை முடியட்டும், ஆட்டை முடியட்டும் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். ஆர் கேட்டியள்?"

கேதீஸ்வரியைக் குறை சொல்லக் கூடாது. அவளுக்கும் ஒரே பிள்ளை. பயத்தில் கத்துகிற சத்தம் கோபம் மாதிரித்தான் கேட்கும். பக்கத்தில் நின்ற ஜெயரூபனுக்கு இப்போதுதான் விளங்கியது, அந்தக் கடையில் தான் பல்லைக் காட்டிக்கொண்டு எதை எண்ணி மெச்சினான் என்று.

தர்சிகா எழும்பி வந்தாள். மருதோன்றி காயவில்லை, அதனால் ஒன்றையும் தொட இயலாமல் இரண்டு கையையும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு, பெட்டிக்கு மேலே குனிந்து பார்த்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரியும். தோரணத்தாரின் மகளல்லவா.

"அப்பா, வேணுமெண்டோ செய்தனீங்கள்?"

"என்ன பிள்ளை?"

"பாருங்கோ."

"நாலுதானே. நான் நாலுதான் போட்டனான்," என்றார் தில்லைநாதன். நிலத்தில் குந்தியிருந்து ஒரு தோரணத்தை எடுத்தார். "ஒண்டு, ரண்டு, மூண்டு." விரல் நாலாவதைத் தேடியது. இல்லை. அது கழன்று விழுந்துவிட்டதோ என்று பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். இன்னொன்றை எடுத்தார். "ஒண்டு, ரண்டு, மூண்டு." இன்னொன்று. இன்னொன்று. மடியெல்லாம் தலை தொங்கிய குருவிகள். கேதீஸ்வரி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை," என்றார். "கலியாணத்துக்கெண்டுதான் இருந்தனான். அண்டைக்கு முத்தத்திலை இருந்தனானெல்லே, அதாலை எழும்பினதா எனக்கு ஞாபகம் இல்லை."

அவர் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார். பிளேனால் இறங்கிய நாள்தொட்டு அவர் அவளுடைய முகத்தை நேரே பார்த்தது அப்போதுதான்.

"பிள்ளை, நீ லைவிலை பாத்தனியெல்லே. அம்மாவின்ரை முகம் எப்பிடி இருந்தது?"

"நீங்கள்... நீங்கள் பாக்கேல்லையோ?"

"இல்லை."

"வாய்க்கரிசி போடேக்கையும்?"

"இல்லைப் பிள்ளை. குனிஞ்சு கொண்டிருக்குமட்டும் அது ஆரோவின்ரை செத்தவீடு. எத்தினை செத்தவீடு செய்திருப்பன். தலையை நிமித்தினா அது எங்கடை வீடாப் போயிடும். அதுதான் நிமித்தேல்லை. பிறகு அம்மாவைக் கொண்டு போயிட்டினம்."

ஜெயரூபன் தாயின் தோளைத் தொட்டான். "அம்மா, கடை இன்னும் பூட்டியிராது. நான் ஓடிப்போய்க் கடதாசி வாங்கிக்கொண்டு வாறன்," என்றான். கேதீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியை மூடினாள். "அதே நிறத்திலை பாத்து வாங்கு. வெட்டித் தர நாங்கள் இருக்கிறம்," என்றாள். அவன் ஓடினான். கதிரை அடுக்கியவர்கள் திரும்ப அடுக்கத் தொடங்கினார்கள், இந்தமுறை சத்தம் வராமல்.

தர்சிகா தகப்பனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். மருதோன்றிக் கைகள் முழங்காலுக்கு மேலே நின்றன.

"கூறையைத்தான் உடுத்தியிருந்தினம் அப்பா," என்றாள். "பொட்டு சரியான பெரிசு. அம்மா ஒருநாளும் அவ்வளவு பெரிசா வைக்கிறேல்லை. ஆரோ வைச்சு விட்டிருக்கினம். தோட்டை மாத்தேல்லை, அந்தச் சின்னச் சிவப்புக் கல்லுத் தோடுதான். முகம் வடிவா இருந்தது. உடுப்புத் தோய்ச்சுப்போட்டு வந்து சாஞ்சு கிடக்கிற மாதிரித்தான் இருந்தது."

"ம்," என்றார் தில்லைநாதன்.

"ஒரு பக்கத்துத் தலைமயிர் கலைஞ்சு கண்ணுக்கு மேலை விழுந்திருந்தது. ஒருத்தரும் அதை ஒதுக்கிவிடேல்லை. எல்லாரும் அதிலை விழுந்து விழுந்து அழுதினம், ஒருத்தருக்கும் அது கண்ணிலை படேல்லை. நான் இஞ்சையிருந்து கத்தினனான் அப்பா. ஒதுக்கி விடுங்கோ, ஒதுக்கி விடுங்கோ எண்டு கத்தினனான். ஆருக்குக் கேக்கும்? நீங்கள் முத்தத்திலை இருக்கிறது தெரியுது. அப்பா எழும்பி உள்ளுக்கு வந்தா அவர் கண்டு ஒதுக்கி விடுவார் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். அம்மாவைக் கொண்டு போகுமட்டும் பாத்துக்கொண்டே இருந்தனான்."

"எந்தப் பக்கம் பிள்ளை?"

"இடப் பக்கம்."

தில்லைநாதன் வாயைத் திறந்தார். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்ரை தயா, என்ரை தயா" என்று குழறி அழுதார். மருதோன்றிக் கைகளை விரித்துப் பிடித்தபடி, முழங்கைகள் இரண்டாலும் அவரை இறுக்கி அணைத்துக்கொண்டாள் தர்சிகா.